பழைய அரங்குக்குப் புது ஸ்பீக்கர், புது விளக்கு: எது பொருந்தும்?

எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896இல் வந்தபோது மேடையில் மைக் வைக்கும் வழக்கமே கிடையாது. சொற்பொழிவுக்காகக் கட்டிய அரைவட்ட அரங்கு. பேசுகிறவரின் தொண்டைதான் ஸ்பீக்கர். இப்படி ஓர் அரங்குக்கு ஒலி, ஒளியை மாற்றக் கொட்டேஷன் கேட்டால், பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் வரும்: லைன் அரே ஸ்பீக்கர், எல்இடி விளக்கு, எல்இடி வால் (மேடைக்குப் பின்னால் சுவர்போல நிற்கும் ஒளிரும் திரை). இதில் எனக்கு முழுச் சம்மதம் ஒன்றுக்குக்கூட இல்லை.

லைன் அரே என்பது ஸ்பீக்கர் பெட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துத் தொங்கவிடுவது. திறந்தவெளியிலும் நீளமான பெரிய ஹாலிலும் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் ஒரு பக்கமே சில நூறு கிலோ வரும்; நூறு வருடத்துக் கூரையில் அதை மாட்ட எந்தப் பொறியாளரும் சட்டென்று கையெழுத்துப் போடமாட்டார். சுவரோரம் தூண்போல நிற்கும் ஒல்லியான ‘காலம்’ (column) ஸ்பீக்கரில் ஒலி பக்கவாட்டில் அகலமாக விரியும், மேலும் கீழும் குறுகிப் போகும். அரைவட்டத்துக்கு வேண்டியது அதுதான். ஓரத்து நாற்காலிக்கும் பேச்சு போய்ச் சேரும், கூரைக்கு வீணாக ஏறாது. சுண்ணாம்புப் பூச்சு ஒலியை அதிகம் உறிஞ்சாது. மேலே போனது தாமதமாகத் திரும்பி அடுத்த சொல்லின்மேல் விழும். வால்யூமைக் கூட்டினால் குழப்பமும் கூடும். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் 1871இல் திறந்த நாளிலிருந்தே எதிரொலிக்குப் பேர் போனது. 1969இல் கூரைக்குக் கீழே காளான்போல வட்டத் தட்டுகளைத் தொங்கவிட்ட பிறகுதான் அது அடங்கியது. ‘காலம்’ ஸ்பீக்கரில் பாஸ், அதாவது அடித்தொனி, குறைவு என்பது உண்மை. தவில், கீபோர்டு கச்சேரி என்றால் பாஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டி இரண்டைத் தரையில் வைத்துக்கொள்ளலாம்.

விளக்கில்தான் மனசு இரண்டுபடுகிறது. பழைய ‘பார்’ (PAR) ஹாலஜன் மேடை விளக்கு ஒன்று 1000 வாட் இழுக்கும், அதே வேலையைச் செய்யும் எல்இடி ஏறக்குறைய 200 வாட். நாற்பது விளக்கு என்றால் 40 கிலோவாட்டுக்குப் பதில் 8. பழைய வயரிங்குக்கும் ஏசிக்கும் இது பெரிய விடுதலை. அப்புறம் நிறம். மலிவான மூவண்ண எல்இடியின் கீழ் ஒரு நாட்டிய நிகழ்ச்சி பார்த்தேன். ஒப்பனை அறையில் ஜொலித்த அரக்குப் பட்டு மேடையில் காப்பிப் பொடி நிறமாகிவிட்டது. அபிநயம் பிடித்த முகம் சாம்பல் பூத்திருந்தது. கடைசியில் விளக்கு மெல்ல அணைய வேண்டிய இடத்தில் படி இறங்குவதுபோல விட்டு விட்டு அணைந்தது. போதாததற்கு, தம்பூரா மட்டும் ஒலித்த நேரத்தில் விளக்குகளின் ஃபேன் இரைச்சல். ஹாலஜன் இப்படிச் செய்யாது. மங்க மங்கச் சிவந்து, அடுப்புத் தணல்போல அணையும். அதனால் என் கணக்கு இது: முகத்துக்கு ஃபேன் இல்லாத, ஹாலஜன்போல மஞ்சள் சாயலில் (நிற அளவில் 3200 கெல்வின்) ஒளிரும் தரமான எல்இடி, பின்திரைக்கு வண்ண எல்இடி, பழைய ஹாலஜனில் நாலைந்தை டிம்மரோடு (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) விட்டுவைப்பது. எல்இடியை மட்டும் அந்த டிம்மர் லைனில் செருகிவிடக் கூடாது. அதற்கு நேரடி கரண்டும் கட்டுப்பாட்டுச் சிக்னல் கொண்டுவரும் தனி டிஎம்எக்ஸ் கேபிளும் வேண்டும்.

எல்இடி வாலா, புரொஜெக்டரா? மாநாட்டுக்கும் பட்டமளிப்புக்கும் வால் சரி. நாடகத்துக்கு அது எமன். பின்னால் அத்தனை வெளிச்சம் இருந்தால் நடிகர் நிழலுருவமாகிவிடுவார். லேசர் புரொஜெக்டரின் ஒளிமூலம் சுமார் 20,000 மணி நேரம் தாங்கும், திரையைச் சுருட்டி மேலே ஏற்றிவிடலாம், சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம். நான் புரொஜெக்டர் பக்கம்.

ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு மாலை மாதிரி விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டச் சொல்லுங்கள். அன்றைக்கு யாராவது ஒருவர் அரக்குப் பட்டு கட்டி வரட்டும்.