மூன்றாம் தரமும் தைத்தாயிற்று

நேற்று பஸ் நிலையத்தடியில் சப்பாத்துத் தைக்கிற ஐயாவிடம் என் உதைபந்தாட்ட பூட்ஸை நீட்டினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வலது கால்தானே?" என்றார். வலது கால்தான். பெருவிரலுக்குப் பின்னால், பாதம் மடிகிற இடத்தில், அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இரண்டு வருடத்தில் இது மூன்றாம் தரம். பார்த்து அன்றைக்கென்றே மச்சான் ஒருத்தன் போன் எடுக்கிறான்: "நீ போடுற அதே பூட்ஸ் விலை இறங்கியிருக்காம், வாங்கட்டோ?"

கொம்பனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எதைப் போடுகிறேன் என்று அவனுக்குத் தெரியும்.

பிழை சொல்லக் கூடாத விஷயம் ஒன்றுண்டு. போட்டால் காலில் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். யாழ்ப்பாணத்தில் துரையப்பா விளையாட்டரங்கின் புல்லில் ஆடிய இரண்டு ஆட்டங்களில், வந்த பந்து காலில் அப்படியே உட்கார்ந்தது. அப்பாவின் பழைய தோல் பூட்ஸ் இன்னும் வீட்டில் தட்டில் கிடக்கிறது. மாரியில் நனைந்தால் ஒவ்வொரு காலிலும் ஒரு தேங்காயைக் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்குமாம். பாதி ஆட்டத்தில் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஆடியிருக்கிறார். ஆனால் அதைச் சுற்றிப் போட்ட தையல் இன்றைக்கும் ஒரு இடத்தில்கூட விடவில்லை.

பூட்ஸின் கதையே ஈரப் புல்லின் கதைதான். 1954 உலகக்கிண்ண இறுதியாட்டத்தில், பேர்ன் நகர மழையில், மேற்கு ஜேர்மனி ஹங்கேரியை 3-2 என்று வென்றபோது அவர்கள் காலில் இருந்தவை, அடிடாஸ் கொம்பனியைத் தொடங்கிய அடி டாஸ்லர் செய்த பூட்ஸ். சேற்றுக்கு ஏற்றபடி, அடியில் தரையைப் பிடிக்கிற குமிழ்களைக் கழற்றி நீளமானதைத் திருகிக்கொள்ளலாம். பிறகு லிவர்பூலில் ஆடிய கிரேக் ஜோன்ஸ்டன், மேசைப்பந்து மட்டையின் றப்பரைப் பூட்ஸில் ஒட்டிப் பார்த்தார். அந்த யோசனைதான் 1994இல் அடிடாஸின் பிரடேற்றர் என்ற பூட்ஸாக வந்தது. 2010இல் அடிடாஸ் 165 கிராமில் ஒரு பூட்ஸை விட்டது. தோல் போய்த் துணியும் பிளாஸ்ரிக்கும் வந்தன, தையல் போய்ப் பசை வந்தது.

இதில் எங்கே எங்கள் ஊர் மைதானம்? பங்குனி, சித்திரையில் செம்மண் செங்கல்லாக இறுகிவிடும். இடையிடையே சுண்ணாம்புக்கல் வேறு தலையை நீட்டும். குமிழ் மண்ணுக்குள் இறங்கவே இறங்காது. திரும்புகிற ஒவ்வொரு முறையும் உடம்புப் பாரம் முழுவதும் அந்தப் பசைக் கோட்டில்தான் விழுகிறது. புல்லுக்கென்று செய்ததைக் கல்லில் போட்டு உழக்கியது நான். நியாயமாகப் பார்த்தால் கொம்பனியில் பிழையில்லை.

ஆனால் நியாயம் பார்க்கிற மனநிலையில் நான் இல்லை. இத்தனை காசு வாங்குகிறவனுக்கு அந்த மடிப்பில் நாலு தையல் போட என்ன கேடு? ஐயா குத்தூசியால் அடிப்பாகத்தைத் துளைத்து, மெழுகு தடவிய நைலோன் நூலை ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கினார். "இது பசையில நிக்கிற சாமான், தம்பி. நான் தைச்ச இடம் இனி விடாது, பக்கத்து இடம்தான் விடும்." சொன்னபடியே, முதல் தரம் தைத்ததற்குப் பிறகு இரண்டு தரமும் பக்கத்து இடம்தான் விட்டது.

மச்சான் ஜேர்சியைப் பற்றியும் கேட்டிருந்தான். அப்பா காலத்துப் பருத்திச் சேர்ட்டு வியர்வையைக் குடித்துப் பாரமாகும், ஆனால் முதுகில் இலக்கத்தைத் துணியில் வெட்டித் தைத்திருந்தார்கள். இப்போதைய பொலியெஸ்டர் விசிறினாலே காயும். ஒட்டின இலக்கம் பத்துத் தோய்ப்பில் உரிந்து, பத்தாம் நம்பர் ஒன்றாம் நம்பராகி, என்னைக் கோல் காப்பாளன் ஆக்கிவிட்டது. இப்போது சாயத்தோடு சேர்த்தே அச்சடிக்கிறார்கள், உரியாது. ஆனால் சுவிஸில் இருக்கிற அனுசரணையாளரின் பெயர் இலக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. சரி, காசு தருகிறவர் அவர்.

ஆகவே மச்சான், வாங்காதே. எங்கள் தரைக்கு அடியில் சின்னச் சின்ன றப்பர் முளைகள் உள்ளதுதான் சரி. விலையும் குறைவு, குதிக்காலும் நோகாது. அதைப் போட்டு இரண்டு கிழமை ஆடியும் பார்த்தேன். பந்து காலில் பட்டதே தெரியவில்லை. மரக்கட்டை.

விலை இறங்கியிருக்கு என்றாயே, அந்தக் கடையில் எட்டாம் சைஸ் இருக்கா என்று ஒருக்கால் கேட்டுச் சொல்லு.