ஏழேகால் மணிக்கு அறுந்துபோகும் இணையம்: ஃபயர்வால் பெட்டியோடு எட்டு மாதம்

"டீச்சர், மறுபடியும் சிலையாகிவிட்டீர்கள்" என்று ஒரு மாணவி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தாள். வாயைத் திறந்தபடி, கையில் பேனாவோடு, பாதி எழுதிய சமன்பாட்டுக்கு முன்னால் நான் உறைந்து நின்றேன். ஏப்ரல் மாதம் முழுக்க இதே கதைதான். மாலை 6 மணி வகுப்பு ஒழுங்காக நடக்கும். 7 மணி வகுப்பில் கால் மணி நேரம் கடந்ததும் இணைப்பு அறுந்துபோகும். அரை நிமிடத்தில் திரும்பும், ஐந்தாறு நிமிடம் ஓடும், மறுபடி அறுந்துபோகும். எட்டரை மணிக்குள் நான்கைந்து முறை.

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே இணையவழியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். வாசல் கேமரா, பிள்ளைகளின் டேப்லெட், என் வகுப்புக் கணினி மூன்றையும் தனித்தனி வலையில் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதால், என் தம்பி, வீட்டு வலைக்கும் வெளி இணையத்துக்கும் நடுவே காவல் நிற்கும் பழைய ஃபயர்வால் பெட்டி ஒன்றை 11,500 ரூபாய்க்குப் பிடித்துக்கொடுத்தான். டிபன் பாக்ஸ் அளவு. நான்கு நெட்வொர்க் துளைகள். மின்விசிறி கிடையாது, மேல்மூடியில் இருக்கும் அலுமினிய வரிகள்தான் சூட்டை வெளியேற்றும். பெயர் ஒட்டியிருந்த தாள் எப்போதோ உரிந்துபோயிருந்தது. உள்ளே ஓடுவது பிஎஃப்சென்ஸ். 2004இல் எம்0என்0வால் என்ற பழைய திட்டத்திலிருந்து கிளைத்து, ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் கட்டப்பட்ட மென்பொருள். இதே குடும்பத்தில் 2015இல் பிரிந்துபோன தம்பிதான் ஓபிஎன்சென்ஸ்.

முதலில் சொல்லிவிடுகிறேன்: இதில் வைஃபை இல்லை. பழைய ரூட்டரை இதன் பின்னால் மாட்டி, வைஃபைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். ஃபைபர் மோடத்தைப் பிரிட்ஜ் முறைக்கு, அதாவது இணைப்பை அப்படியே பெட்டிக்குக் கடத்திவிடும் முறைக்கு, மாற்றித்தரும்படி இணைய நிறுவனத்திடம் கேட்டு வாங்கவே இரண்டு வாரம் ஆயிற்று. பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம்.

இணைப்பு அறுந்ததும் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். கேபிளை மாற்றினேன். இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் எண்ணை மாற்றினேன். பிறகு லைன்மேனைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். அவர் பொறுமையாக மோடத்துக்கு வரும் ஃபைபரைக் கழற்றி, கையிலிருந்த மீட்டரில் ஒளியின் அளவைப் பார்த்தார். மைனஸ் 21 டிபிஎம் (ஒளியின் வலிமைக்கான அலகு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்கல்). "மேடம், மைனஸ் 27 வரைக்கும் தாங்கும். லைன் நன்றாக இருக்கிறது. உங்கள் பெட்டியைப் பாருங்கள்" என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போதும் அதையே சொன்னார். எனக்குக் கோபம் வந்தது.

அன்று இரவுதான் பெட்டியின் பதிவேட்டை ஒழுங்காகத் திறந்து பார்த்தேன். பிஎஃப்சென்ஸில் டிபிங்கர் என்றொரு சிறு நிரல் உண்டு. இணைய நிறுவனத்தின் பக்கம் நமக்கு வாசலாக இருக்கும் கேட்வேயை அரை விநாடிக்கு ஒருமுறை பிங் செய்து, அதாவது சிறு செய்தி அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, கடைசி ஒரு நிமிடத்தின் சராசரியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தாமதம் 500 மில்லி விநாடியைத் தாண்டினாலோ, 20 சதவீதத்துக்கு மேல் பிங் தொலைந்தாலோ, கேட்வே விழுந்துவிட்டது என்று அறிவிக்கும். பெட்டியோடு வரும் அளவுகள் இவை. என் பதிவேட்டில் 7.21க்கு ஓர் எச்சரிக்கை. தாமதம் 530114 என்றிருந்தது. அவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்து லைன்மேனை நினைத்துப் பல்லைக் கடித்தேன். மறுநாள் காலை காபி குடிக்கும்போதுதான் உறைத்தது, அந்த எண் மைக்ரோ விநாடி. அரை விநாடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பத்தாம் வகுப்புக்கு அலகு மாற்றம் நடத்துகிறவள் நான்.

அரை விநாடித் தாமதத்தில் படம் திக்கும், அறுந்துபோகாது. பின்னே அறுத்தது யார்? நான்தான். பெட்டி வந்த புதிதில் ஏதோ காணொளியைப் பார்த்து, "கேட்வே விழுந்தால் நடப்பிலுள்ள எல்லா இணைப்புகளையும் துண்டி" என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தேன். இரண்டு நிறுவன இணைப்புகள் வைத்திருப்பவர்களுக்கு அது பயன்படும். ஒன்றே ஒன்று வைத்திருக்கும் எனக்கு அது தலையில் நானே போட்டுக்கொண்ட மண்.

தாமதம் ஏன் ஏழேகாலுக்கு மட்டும் ஏறுகிறது? 6 மணி வகுப்பின் காணொளிப் பதிவு ஏழேகாலுக்குத் தானாகவே இணையச் சேமிப்பகத்துக்கு ஏற ஆரம்பிக்கும். என்னுடையது 40 எம்பிபிஎஸ் திட்டம். பதிவேற்றம் முழு வழியையும் அடைத்துக்கொள்ள, பிங் பின்னால் வரிசையில் நிற்கும். பெட்டி பதறிப்போய் எல்லாவற்றையும் துண்டிக்கும். பதிவேற்றமும் செத்துப்போவதால் வழி காலியாகி, பிங் பழையபடி 4 மில்லி விநாடிக்கு இறங்கும். கேட்வே நலம் என்று பெட்டி சொல்லும். பதிவேற்றம் விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கும். மறுபடியும் அடைப்பு, மறுபடியும் துண்டிப்பு. இந்தச் சுழலைத் தாளில் படமாக வரைந்து பார்த்தபோது, வெட்கத்தையும் மீறி ஒரு மகிழ்ச்சி வந்தது.

டிக்கை எடுத்தேன். கேட்வே எச்சரிக்கைக்கு எந்த நடவடிக்கையும் எடுக்காதே என்ற அமைப்பையும் போட்டேன். கண்காணிப்பு மட்டும் நடக்கட்டும். பிறகு எஃப்க்யூ கோடல் என்ற வரிசை முறையோடு, பதிவேற்றத்துக்கு 36 எம்பிபிஎஸ் என்று ஒரு வரம்பு வைத்தேன். ரேஷன் கடையில் பத்து கார்டு கொண்டுவந்தவர் முன்னால் நின்றால் ஒற்றைக் கார்டுக்காரர் சாயங்காலம் வரை நிற்க வேண்டியதுதான்; ஆளுக்கு ஒரு கார்டாக மாற்றி மாற்றிப் போட்டால் வரிசை நகரும். அதைத்தான் இது செய்கிறது. இப்போது பதிவேற்றம் நடக்கும்போதும் பிங் 10, 12 மில்லி விநாடியைத் தாண்டுவதில்லை.

கதை முடியவில்லை. மே மாதத்தில் பகலிலும் இணைப்பு போனது. நோய் திரும்பிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பதிவேடு வேறு மாதிரி பேசியது: கேட்வே எச்சரிக்கை எதுவும் முன்னால் வரவில்லை, வெளித்துளையின் கேபிளில் உயிரே இல்லை என்று ஒரு வரி, இரண்டு நிமிடம் கழித்து உயிர் வந்தது என்று இன்னொரு வரி. முகப்பில் பெட்டி 41 நாளாக அணையாமல் ஓடுவதாகக் காட்டியது. அப்படியென்றால் அணைந்து எழுந்தது மறுமுனையில் இருக்கும் மோடம். அடுத்த முறை மின்சாரம் போய் இன்வெர்ட்டர் "டக்" என்று மாறியபோது ஓடிப்போய்ப் பார்த்தேன். பெட்டி அசையவில்லை, மோடத்தின் விளக்குகள் எல்லாம் அணைந்து ஒவ்வொன்றாக எரிந்துகொண்டிருந்தன. மாறும் அந்தக் கண நேர இடைவெளியை மோடத்தின் மலிவான அடாப்டரால் தாங்க முடியவில்லை.

இன்வெர்ட்டரை, இன்னும் வேகமாகப் பேட்டரிக்கு மாறும் யுபிஎஸ் முறைக்கு மாற்றிப் பார்த்தேன். எங்கள் தெருவில் கோடை மாலையில் மின்னழுத்தம் இறங்கும். அந்த முறையில் அது உடனே பேட்டரிக்குத் தாவிவிடுகிறது. பழைய முறைக்கே திருப்பிவிட்டு, மோடத்துக்கு மட்டும் 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். அதன்பின் மோடம் அணையவில்லை.

குறைகளைச் சொல்ல வேண்டுமென்றால், மே மாதத்தில் பெட்டியின் மேல் கையை வைக்க முடியாது. புத்தக அலமாரிக்குள் வைத்திருந்ததை வெளியே எடுத்து, இரும்புத் தாங்கியில் நிறுத்தினேன். மார்கழியில் அதே சூட்டுக்காக ஒரு பல்லி அதன் அடியில் குடியேறியிருக்கிறது. விரட்ட மனம் வரவில்லை. அமைப்புத் திரைகள் பெருங்காடு. எந்த டிக் என்ன செய்யும் என்று தெரியாமல் கை வைத்தால் என் கதிதான். தம்பியைப் போல ஓர் ஆள் தொலைபேசியில் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

லைன்மேன் போன மாதம் எதிர்வீட்டுக்கு வந்திருந்தார். கூப்பிட்டுக் காபி கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். "இருபடிச் சமன்பாடு நடத்துகிறீர்களே மேடம், என் பையன் ஒன்பதாவது படிக்கிறான், சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டார். 7 மணி வகுப்பில் சேர்த்திருக்கிறேன்.