36 வயதில் காது குத்திக்கொண்ட கடை

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில், நகைக்கடைகளுக்கு நடுவே ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்னப் பத்தர் கடை. ஒரு ஸ்டூல், ஒரு தராசு, ரசம் போன ஒரு கண்ணாடி. காது குத்தக் கூலி 300 ரூபாய். 22 காரட் கம்பிக்கு எடைக்குத் தகுந்த விலை தனி.

"குழந்தைக்கு எத்தனை வயசும்மா?" என்று பத்தர் கேட்டார். எனக்குத்தான் என்றேன். ஏன் இத்தனை நாள் குத்தவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. அதற்கே ஒரு ஸ்டார்.

நான் வளர்ந்தது கண்டிப்பான ஒரு பெந்தெகொஸ்தே சபையில். நகை, சினிமா, தலையில் பூ எதுவும் கூடாது. பொன்னாபரண அலங்காரம் வேண்டாம் என்கிற பைபிள் வசனம், 1 பேதுரு 3:3, மனப்பாடம். ஆதியாகமம் 24-ஐப் பிரசங்கிக்கும்போது மட்டும், ரெபேக்காளுக்கு அரைச்சேக்கல் பொற்காதணி கொடுத்த வசனத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். சபையை விட்டு வந்து நான்கு வருடம் ஆகிறது. பின்மாற்றக்காரி, அதாவது விசுவாசத்தை விட்டு விலகிப் போனவள், என்ற பேரைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பயம்தான் விடவில்லை. வீட்டில் யாரையாவது கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் போதும், இயேசு திடீரென்று வந்து விசுவாசிகளை மட்டும் வானத்துக்கு எடுத்துக்கொள்ளும் 'இரகசிய வருகை' முடிந்துவிட்டது, நான் கைவிடப்பட்டேன் என்று கை கால் வெலவெலத்துவிடும். அமெரிக்க உளவியலாளர் மார்லின் வைனல் 2011-இல் இதற்கு 'மத அதிர்ச்சி நோய்க்குறி' என்று பேர் வைத்தார் என்றார் நான் பார்க்கும் மனநல ஆலோசகர். மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் அது தனியாக இல்லையாம். இல்லாவிட்டால் போகிறது. பேராவது இருக்கிறதே.

சரி, கடைக்கு வருகிறேன். பத்தர் பஞ்சு எடுக்கப் பின்பக்கம் போனார். "அண்ணே" என்றேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை. வழக்கம்போல வயிறு கலங்கியது. நெற்றி நிறைய விபூதி பூசியவர் எடுத்துக்கொள்ளப்பட்டு, மூன்று வயதிலிருந்து முழு இரவு ஜெபத்துக்குப் போன நான் கைவிடப்பட்டேனா என்று தோன்றியதும் சிரித்துவிட்டேன். "பஞ்சு தீர்ந்துபோச்சு, பக்கத்துக் கடைக்குப் போயிருந்தேன். என்னம்மா, குத்துறதுக்கு முன்னாடியே சிரிக்கிற?" என்றபடி வந்தார்.

துப்பாக்கி வைத்து அடிக்கிற வேலை இங்கே இல்லை. அது மழுங்கிய முனையை விசையோடு திணிக்கும். அதன் பிளாஸ்டிக் உடம்பை முழுதாகக் கிருமிநீக்கவும் முடியாது. இவர் முனை கூராக்கிய தங்கக் கம்பியால் குத்தி, அதையே வளையமாக வளைத்துவிடுகிறார். சுள்ளென்றது, முடிந்தது. யாத்திராகமம் 21-இல் என்றைக்கும் அடிமையாக இருக்கிறேன் என்றவனுக்குத்தான் காதைக் குத்துவார்கள். அந்த நேரம் பார்த்து அதுவும் ஞாபகம் வந்து தொலைத்தது.

குறைகளும் உண்டு. நான் கேட்ட பிறகுதான் கையுறை போட்டார். இடது ஓட்டை ஒரு நூல் கீழே இறங்கிவிட்டது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவச் சொன்னார். நான் தோல் மருத்துவர் சொன்ன உப்பு நீரோடு நிறுத்திக்கொண்டேன். ஏழு வாரத்தில் ஆறிவிட்டது.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. இப்போது எனக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை சும்மா இருக்கும் ஒரே நாள் அதுதான். அதற்காக ஒரு ஸ்டார் குறைத்திருக்கிறேன்.