உயிரியல் படிக்க பொமோனாவா, யூசிஎல்ஏவா?

பொமோனா ஒரு சிறு தனியார் கல்லூரி; யூசிஎல்ஏ (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், லாஸ் ஏஞ்சலஸ்) பெரிய அரசுப் பல்கலைக்கழகம். இரண்டும் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில்தான். பொமோனாவில் சுமார் 1,700 மாணவர்கள். யூசிஎல்ஏவில் இளநிலை மாணவர்கள் மட்டுமே 30,000-க்கும் மேல்.

பொமோனாவில் முதுநிலை மாணவர்களே கிடையாது. அதனால் பேராசிரியரின் ஆய்வகத்தில் டிஎன்ஏ துண்டுகளைப் பிரித்துப் பார்க்கும் ஜெல் ஊற்றுவது, பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் முறை) வைப்பது, ஜெல்லில் டிஎன்ஏ பட்டை சரியாக வரவில்லையென்றால் கோளாறு ப்ரைமரிலா (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு) வெப்பநிலையிலா என்று மண்டையை உடைத்துக்கொள்வது எல்லாம் இளநிலை மாணவர் வேலை. பிழையைக் கண்டுபிடிக்கும் அந்தப் பழக்கத்தைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறைக்காக 2020-இல் நோபல் வாங்கிய ஜெனிஃபர் டவுட்னா பொமோனாவில் படித்தவர். அவர் பின்னாளில் ஆய்வாளராகச் சேர்ந்த, இன்னொரு நோபல் விஞ்ஞானியான தாமஸ் செக்கின் ஆய்வகத்தையும் பாருங்கள்: செக் படித்ததும் கிரின்னெல் என்ற சிறு கல்லூரியில்தான்!

யூசிஎல்ஏவில் அறிமுகப் பாடங்களுக்குப் பெரிய அரங்கு. ஆய்வக வகுப்பைப் பெரும்பாலும் நடத்துவது முனைவர் பட்ட மாணவர். ஆய்வகத்தில் இடம் வேண்டுமென்றால் நீங்களாகத்தான் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட வேண்டும். ஆனால் வளாகத்திலேயே மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை. நோயெதிர்ப்பியல், நரம்பியல் என்று குறிப்பிட்ட துறைதான் வேண்டும் என்பவருக்கு அங்கே கிடைக்கும் தேர்வுகள் சிறு கல்லூரியில் கிடைக்காது.

செலவு? பொமோனாவின் கட்டணம் மலைக்க வைக்கும். ஆனால் சேர்த்துக்கொண்டவரின் நிதித்தேவையை முழுதாக ஈடுகட்டுகிறது. யூசிஎல்ஏவில் வெளிநாட்டு மாணவருக்கு அப்படி எதிர்பார்க்க முடியாது. துறையை இன்னும் முடிவு செய்யாத பிள்ளை என்றால், இடம் கிடைக்கும் பட்சத்தில், பொமோனாதான் என் ஓட்டு.