காரைக்குடியில் ஒரு வீட்டுப் பராமரிப்புச் சேவை: பகலுக்குச் சரி, இரவுக்கு இல்லை

மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயுள்ள என் மனைவியைக் கவனித்துக்கொள்ள, காரைக்குடியிலுள்ள ஒரு வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்தின் மூலம் பகல் நேரத்துக்கு ஆள் வைத்திருக்கிறோம்.

வருகிற பெண்மணி கைதேர்ந்தவர். இடுப்புப் பட்டை கட்டிக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் முறையை அவரிடம் நானும் கற்றுக்கொண்டதில் என் முதுகுவலி வெகுவாகக் குறைந்தது. வளவு எனப்படும் உள்முற்றப் பகுதிக்குச் செல்லும் வழியெங்கும் உயரமான நிலைப்படிகள் உள்ள எங்கள் பழைய வீட்டில் மரச் சாய்தளம் போடச் சொன்னவரும் அவர்தான்.

நோயைப் பற்றிய பயிற்சிதான் போதவில்லை. பக்கவாதம் வந்தவர்களையும் முதியோரையும் மனத்தில் வைத்தே பணியாளர்களைப் பழக்கியிருக்கிறார்கள். இந்நோயிலோ, உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளின் மேலுறையான மையலினைத் தாக்குவதால், நோயாளியின் நிலை நாளுக்கு நாள் மாறும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குவதால், பார்ப்பவர் கண்ணுக்கு அவர் நல்ல உடல்நிலையில் இருப்பதாகவே தோன்றும். "நேத்து நல்லாத்தானே நடந்தீங்க அக்கா" என்று அந்தப் பெண்மணி சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை; ஆனால் அதை உறவினர்களிடம் கேட்டுச் சலித்துவிட்டோம். உடல் சூடேறினால் பார்வை மங்கும், கால் துவளும் என்பதால் சித்திரை வெயிலில் வெந்நீர்க் குளியல் கூடாது என்பதையும் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. சம்பளம் கொடுத்து வைத்த ஆளுக்குப் பாடம் நடத்துவதும் வீட்டாரின் வேலையாகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய குறை, 12 மணி நேரப் பகல் பணி, 24 மணி நேரத் தங்கு பணி ஆகிய இரண்டைத் தவிர வேறு ஏற்பாடு இல்லாதது. சிறுநீரை அடக்க முடியாமையும் தசை இறுக்கமும் இரவில்தான் என் மனைவியைப் பாடாய்ப் படுத்துகின்றன. உடன் விழித்திருப்பவர் காலையில் கடையைத் திறக்க வேண்டும். இரவுக்கு மட்டும் ஆள் கேட்டால், "முழு நாளா எடுத்துக்கங்கண்ணே" என்கிறார் மேலாளர். மருந்துச் செலவும், மதுரைக்கு நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போய்வரும் செலவும் போக அந்தக் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் இந்நோயும் ஒன்று. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் வழியையாவது இத்தகைய நிறுவனங்கள் வீட்டாருக்குச் சொல்லலாம்.

பகல் பணிக்குத் தயங்காமல் அமர்த்தலாம். ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன், ஒரே ஆளே தொடர்ந்து வருவார் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் மாறினால் மேற்சொன்ன பாடத்தை முதலிலிருந்து நடத்த வேண்டியிருக்கும்.