பதக்கத்துக்குச் சட்டம் போடத் தக்கலையில் ஒரு கடை

தக்கலை பஸ் நிலையத்திலிருந்து பத்மநாபபுரம் போகும் வழியில், ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப் பலகையில் எழுத்து உதிர்ந்து பல காலம் ஆகிறது. படத்துக்குக் கண்ணாடி போடும் கடை எது என்று ஆட்டோக்காரரிடம் கேட்டால் போதும், கொண்டுவந்து விடுவார். அரண்மனை பார்க்க வருகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள். உள்ளே இருவர் நின்றால் மூன்றாமவர் வாசல்படியில்தான் நிற்க வேண்டும். சுவரில் முருகன், வேளாங்கண்ணி மாதா, மக்கா மதீனா, கல்யாண ஜோடிகள். நடுவே வரிசையாகப் பட்டாளத்து உடையில் இளைஞர்கள். பட்டாளத்துக்காரர் இல்லாத குடும்பத்தைத் தேட வேண்டிய மாவட்டம் நம்முடையது, இதில் வியப்பில்லை.

இங்கே நான் முதலில் போனது 2021 ஆகஸ்டில், கொரோனா முடக்கம் தளர்ந்த சமயம். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். 1988இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கையின் வவுனியாவுக்குப் போய், 1990 மார்ச்சில் திருகோணமலையில் கப்பலேறித் திரும்பினார். அவருடைய பதக்கங்கள் பிஸ்கட் டப்பா ஒன்றில் நூல்கண்டுகளோடு கிடந்தன. ஆன்லைன் வகுப்பில் காட்ட வேண்டும் என்று பேரன் கேட்டபோதுதான் டப்பாவைத் திறந்தோம். கூடவே, அவருடைய பிளட்டூனின் குழுப்படம் ஒன்று, பழைய சட்டத்தில். அந்தப் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது.

அந்தப் படத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். இன்னொரு ஊரில் ஒரு கடையில், "உரித்துத் தருகிறோம்" என்று கையை நீட்டியிருந்தார்கள். இந்தக் கடைக்காரர் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "டீச்சர், இதை உரித்தால் பாதிப் பேருக்கு முகம் இருக்காது" என்றார். கண்ணாடியோடு சேர்த்தே பக்கத்து ஸ்டுடியோவில் படம் எடுக்கச் சொல்லி, அந்தப் பிரதிக்குச் சட்டம் போட்டார். மூலப்படத்தை ஒட்டியது ஒட்டியபடியே துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். காரணத்தையும் சொன்னார். நம் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. படம் நேராகக் கண்ணாடியில் படிந்திருந்தால் ஈரம் இடையில் இறங்கி, படத்தின் மேல்பூச்சு இளகி, காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இடையில் கெட்டி அட்டையில் ஒரு ஓரச்சட்டம் வெட்டி வைத்தால் காற்று நிற்க இடம் கிடைக்கும். அந்த அட்டைக்குக் கூடுதல் பணம் கேட்பார். யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

பதக்கங்களுக்கு ஆழமான பெட்டிச் சட்டம். உள்ளே கருநீல வெல்வெட். ரிப்பனின் பின்பக்கம் ஊசி நூலால் தைத்திருக்கிறார். பசை ஒரு சொட்டு இல்லை. பதக்கம் கறுத்திருந்தது. "கறுத்தது கறுத்தபடி இருக்கட்டும், பாலிஷ் போட்டால் எழுத்துத்தான் தேயும்" என்று தொடவே மறுத்துவிட்டார். பின்பலகைக்கு ஒட்டுப்பலகை, விளிம்பு முழுக்கக் காகித நாடா. இத்தனை மழைக்காலங்களுக்குப் பிறகும் உள்ளே ஒரு பூச்சி இல்லை, வெல்வெட்டில் பூஞ்சணம் இல்லை. பெட்டிச் சட்டத்துக்கு 1,400 ரூபாய், குழுப்படத்துக்கு 450 என்று அன்று வாங்கினார், இப்போது ஏறியிருக்கும். தேக்குச் சட்டம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அவரே வேண்டாம் என்பார். நல்ல தேக்கு அந்த விலைக்கு வராது.

இனி, இந்தக் கடையில் நீங்கள் விலை கொடுக்காமல் பெறப்போகும் இன்னொரு பொருள்: பேச்சு.

மேசைக்கு மேலே ஒரு சிறிய டி.வி. செய்திச் சேனல் ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் போன அன்று ஆப்கானிஸ்தானின் காபூல் விமான நிலையத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கப் படை வெளியேறிக்கொண்டிருக்கும்போதே, ஆகஸ்ட் 15 அன்று நகரம் தாலிபான் கைக்குப் போய்விட்டது. ஓடுபாதையில் விமானத்தோடு ஜனங்கள் ஓடுகிறார்கள். கடைக்காரர் கையிலிருந்த கண்ணாடி வெட்டும் வைரமுனையைக் கீழே வைத்துவிட்டு, "இருபது வருடம் இருந்துவிட்டு இப்படியா ஓடுவது?" என்றார். என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் அல்லர். "இருபத்தோராவது வருடமும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குக் கடைக்காரர் பதில் சொல்லவில்லை. சுவரில் தொங்கிய ஒரு படத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருடைய அக்காவின் கணவர். 1987 அக்டோபரில், யாழ்ப்பாணத்தைப் பிடிக்கப் போன சண்டையில் இறந்தவர். "பாதியில் திரும்பி வந்துவிட்டீர்களே, அப்படியானால் என் அத்தான் செத்தது எதற்கு?" என்றார். என் வீட்டுக்காரர் சாயா டம்ளரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவரிடம் இதற்குப் பதில் இருந்ததில்லை.

என்னிடம் உண்டு. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள், தேதி சொல்லாமல் விட மாட்டேன். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆயுதம் வைத்திருந்த புலிகளின் கையெழுத்து அதில் கிடையாது. அமைதி காக்கப் போன படையை முதலில் யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் அதே படை புலிகளோடு மோதியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படை வீரர்கள் 30 பேரில் 29 பேர் அந்த இரவையும் மறுநாளையும் தாண்டவில்லை. எதற்காகப் போனார்களோ அந்தக் காரணம் சில மாதங்களிலேயே போய்விட்டது. படை மட்டும் 1990 மார்ச் 24 வரை நின்றது. கிட்டத்தட்ட 1,200 பேரை இழந்தோம். அங்கே செத்த தமிழ்ப் பொதுமக்களின் கணக்கை இந்தச் சுவரில் யாரும் மாட்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தான் செத்தது வீணாகிவிடும் என்றுதான் அன்று டெல்லியிலும் பேசியிருப்பார்கள். அக்டோபரில் செத்தவருக்காக நவம்பரில் ஒருவர், நவம்பரில் செத்தவருக்காக அடுத்த தையில் ஒருவர். இந்தக் கணக்குக்கு முடிவு ஏது? வியட்நாமில் அமெரிக்காவுக்கு 58,000 பேர் தாண்டிய கணக்கு இப்படி ஏறியதுதான். இதைக் கடைக்காரரிடம் இவ்வளவு நறுக்கென்று நான் சொல்லவில்லை. அக்காள் கணவரின் படம் மேசையில் இருக்கும்போது டீச்சர்தனம் காட்ட முடியுமா?

என் வீட்டுக்காரர் அன்று சொன்னது வேறு ஒன்று. 1989 ஜூனில், ஜெயவர்த்தனவுக்குப் பின் இலங்கை ஜனாதிபதியான பிரேமதாச, ஜூலை முடிவதற்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். படைக்கு எதிராகச் சண்டை போடப் புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். செப்டம்பரில் இரு அரசுகளும் பேசி முடித்து, டிசம்பரில் வி.பி.சிங் ஆட்சிக்கு வந்து, கடைசிக் கப்பல் கிளம்ப மார்ச் ஆயிற்று. "போகப் போகிறோம் என்று தெரிந்த பிறகு, கான்வாயில் முதல் வண்டியை ஓட்ட யாருக்கும் மனம் வரவில்லை. அதுவரை அப்படி இல்லை" என்றார். மதகுகளுக்கு அடியில் கண்ணிவெடி இருக்கும். காலையில் ஒரு குழு தரையைக் குத்திக் குத்தி நடந்து போன பிறகுதான் வண்டிகள் நகரும். இன்றைக்கும் சாலையில் புதிதாக மண் போட்டு மூடிய இடத்தில் அவர் சக்கரத்தை ஏற்ற மாட்டார். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிப் போட்ட நம் ஊர்ச் சாலைகளில் அவரோடு பைக்கில் போவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே வெளியேறுவது என்று முடிவு செய்துவிட்டால் இழுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் கடைக்காரர் விடவில்லை. "சரி, உங்களை நம்பி நின்றவன் கதி?" என்றார். இந்த இடத்தில் அவரை மடக்க முடியவில்லை. வடகிழக்கு மாகாண முதலமைச்சர் வரதராஜப் பெருமாளின் அரசைக் காப்பாற்ற என்று பையன்களைப் பிடித்து இழுத்துவந்து, தமிழ் தேசிய ராணுவம் என்று பெயர் வைத்துத் துப்பாக்கி கொடுத்தார்கள். நம் படை ஒவ்வொரு ஊராகக் காலி செய்தபோது அந்தப் பையன்கள் புலிகளின் எதிரே தனியாக நின்றார்கள். பல பேர் செத்தார்கள். பெருமாள் இந்தியாவுக்கு வந்துவிட்டார். அந்தப் பையன்களின் அம்மாக்களுக்கு யாரும் கப்பல் அனுப்பவில்லை. 1990 ஜூனில் மறுபடியும் முழுப் போர் மூண்டது.

டி.வி.யில் அன்று ஓடியதும் இதேதான். 2020 பிப்ரவரி 29 அன்று தோகாவில் அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்திட்டபோது காபூல் அரசு அந்த மேசையில் இல்லை. அந்த மண்ணில் இருந்தே ஆக வேண்டியவர்களில் ஒரு தரப்பை வெளியே நிறுத்திவிட்டுப் போட்ட கையெழுத்து அங்கேயும். கடைசி இரண்டு வாரங்களில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை விமானத்தில் ஏற்றினார்கள் என்பது பெரிய காரியம்தான். மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்த எத்தனையோ பேர் வாயிலுக்கு வெளியே தாளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்கள் என்பதும் உண்மை. சோவியத் படை அதே நாட்டை விட்டு 1989 பிப்ரவரி 15 அன்று வெளியேறியது. அவர்கள் விட்டுவந்த நஜிபுல்லா அரசு அதற்குப் பிறகும் மூன்று வருடம் தாக்குப்பிடித்தது. மாஸ்கோவிலிருந்து பணமும் ஆயுதமும் வந்துகொண்டிருந்தன. அந்த வரத்து நின்ற பிறகு, 1992 ஏப்ரலில் விழுந்தது. 2021இல் கடைசி அமெரிக்க வீரர் விமானமேறும் முன்பே காபூல் விழுந்துவிட்டது. திரும்பி வருவது ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை. ஆட்களைக் கூட்டி வருவதும், விட்டு வந்தவர்களுக்குப் படியளப்பதும் சேர்ந்ததுதான் அது. நாம் 1990இல் இரண்டையும் சரியாகச் செய்யவில்லை. இருந்தும், இன்னும் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

போகிற போக்கில் ஒன்று. இந்தக் கடையிலிருந்து சிறிது தூரத்தில்தான் புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார். பிடித்தவனுக்கே தளபதியாகி, ஊர் திரும்பாமல் 1777இல் இறந்தார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும். அந்நியப் போருக்கு வந்தவர்களில் இப்படியும் ஒருவர்.

அமைதிப்படை திரும்பிவந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்க வரவில்லை என்ற கோபம் பல பட்டாளத்துக்காரர்களுக்கு இன்னும் உண்டு. என் வீட்டுக்காரருக்கு இல்லை. "இறங்கியதும் தண்ணீர் குடித்தேன், பஸ் பிடித்தேன்" என்பார். கடைக்காரருக்கு அந்தக் கோபம் உண்டு. போன வருடம் அவர் கடையில் புதிதாக ஒரு படம் பார்த்தேன்: கொழும்புக்கு அருகே ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டையில் இருக்கும் இந்திய அமைதிப்படை நினைவிடம். சுற்றுலா போன யாரோ எடுத்துவந்து சட்டம் போடக் கொடுத்ததாம். தனக்கும் ஒரு பிரதி போட்டு அத்தான் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். "வெளியே போ என்று சொன்ன ஊரிலேயே பெயர் வெட்டி வைத்திருக்கிறான் டீச்சர்" என்றார். அது பாராட்டா குறையா என்று நான் கேட்கவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். சொன்ன நாளில் தர மாட்டார். சனிக்கிழமை என்றால் அடுத்த புதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் அடியில் ஒட்டும் சிறு பட்டயத்தில் எங்களுக்குத் திருகோணமலையைத் 'திரிகோணமலை' என்று அச்சடித்துவிட்டார். சுட்டிக்காட்டியதும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார் என்றாலும், அதற்காக இன்னொரு முறை பஸ் ஏற வேண்டியிருந்தது. ஊர்ப்பெயர், வருடம் எல்லாவற்றையும் உங்கள் கையெழுத்திலேயே தாளில் எழுதிக் கொடுங்கள். மாட்டுவதற்கு அவர் தரும் கொக்கி மெலிசு. பெட்டிச் சட்டத்தின் எடையைத் தாங்காது. பக்கத்து இரும்புக் கடையில் கனமானதாக வாங்கிக்கொள்ளுங்கள். கார்டு தேய்க்கும் வசதி கிடையாது; பணமாகக் கொண்டுபோங்கள்.

டி.வி.யில் போர்ச் செய்தி ஓடும் நாளாக இருந்தால் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும். சாயா அவர் செலவு.