திருகோணமலையில பேஸ் கிட்டார் திருத்தக் குடுக்கப் போற ஆக்கள் ஒருக்கா இதை வாசிங்கோ

கடைப் பேர் போடேல்ல, ஆனா டவுணுக்குள்ள கிட்டார் செட்டப் (ஸ்ட்ரிங் உயரம், சுருதி எல்லாம் சரிப்படுத்துறது) செய்து தாறம் எண்டு சொல்லுற ஒரு இடத்தில எனக்கு நடந்தது வேற ஒருத்தருக்கும் நடக்கக் கூடாது.

மாரி தொடங்கினாப் பிறகு என்ர பேஸில ஸ்ட்ரிங் எல்லாம் மேல எழும்பிட்டுது, 12ஆவது பிரெட்டில (பிரெட் எண்டா நெக்கில, அதாவது கழுத்துப் பகுதியில, குறுக்கா இருக்கிற உலோகக் கம்பி) 4 மில்லிமீற்றருக்கு மேல, சாதாரணமா 2, 2.5 இருந்தாக் காணும். கொண்டுபோய்க் குடுத்தா அந்த அண்ணை வடிவாப் பாக்கவும் இல்ல, "தம்பி, ட்ரஸ் ரொட் உடைஞ்சிட்டுது, நெக் மாத்தோணும், இல்லாட்டி விக்கிறதெண்டா நான் எடுக்கிறன்" எண்டு அடிமாட்டு விலை ஒண்டு சொல்லுறார். ட்ரஸ் ரொட் எண்டா நெக்குக்குள்ள ஓடுற, அதின்ர வளைவைச் சரிப்படுத்துற இரும்புக் கம்பி. நான் விக்கமாட்டன், செட்டப் மட்டும் செய்யுங்கோ எண்டு சொல்லி புது 45-105 (தடிப்பு அளவு) ஸ்ட்ரிங் செட்டும் குடுத்திட்டு வந்தன்.

திருப்பி எடுத்து வந்து வீட்டில பாத்தா வயிறு எரிஞ்சுது. நெக்கைத் தொடாம பிரிட்ஜில சேடிலை (பொடிப் பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்குற துண்டு) அடிமட்டும் இறக்கி, நட் (தலைப் பக்கம் ஸ்ட்ரிங் பதியுற துண்டு) பள்ளத்தையும் அரத்தால ராவி விட்டிருக்கார், இப்ப E ஸ்ட்ரிங்கை சும்மா தட்டினாலே முதல் பிரெட்டில அடிச்சு இரையுது, மேல் பிரெட்டுகள்ளயும் அதே இரைச்சல். ட்ரஸ் ரொட் மூடியைக் கழட்டினா உள்ளுக்குத் தூசி அப்பிடியே கிடக்கு, ஒரு கீயும் அதுக்குள்ள போகேல்ல. பூட்டியிருந்த ஸ்ட்ரிங்கும் நான் குடுத்தது இல்ல, கழட்டிப் பாத்தா முன்னம் வேற கிட்டாரில சுத்தின வளைவு இருக்கு. எல்லாத்துக்கும் சேத்து 8500 ரூபா வாங்கினவர்.

அந்த ரொட் உடையவே இல்ல. காத்தில ஈரம் கூடிக் குறைஞ்சா மரம் அசையும், கடலுக்குப் பக்கத்தில இருக்கிற எங்களுக்கு இது வழமை. E ஸ்ட்ரிங்கை முதல் பிரெட்டிலயும் நெக் பொடியோட சேருற பிரெட்டிலயும் அமத்திப் பிடிச்சு நடுவில ஸ்ட்ரிங்குக்கும் பிரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கோ, 0.3 மில்லிமீற்றர் மட்டில, ஒரு விசிட்டிங் கார்ட் தடிப்பு, இருந்தா சரி. எனக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் கூட இருந்துது. ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் இளக்கி, அளவான அலன் கீயால வலப்பக்கம் கால் சுத்து, திரும்ப டியூன் பண்ணி அடுத்த நாள் மட்டும் விட்டு, பிறகு இன்னொரு கால் சுத்து, அவ்வளவுதான், நெக் வழிக்கு வந்திட்டுது. இறுகினா பலவந்தமாத் திருப்பாதேங்கோ, அப்பதான் உண்மையிலயே உடையும். பிறகு சேடிலை உயத்தி, 12ஆவது பிரெட்டில அமத்தின நோட்டும் ஹார்மோனிக்கும் (அமத்தாம மெல்லத் தொட்டு எடுக்கிற சத்தம்) டியூனரில ஒண்டா வரும்வரை முன்பின் நகத்தினன், அமத்தினது கூடக் காட்டினா சேடில் பின்னுக்குப் போகோணும்.

ராவின நட்டை மட்டும் திருப்பி எடுக்கேலாது, இப்போதைக்கு சுப்பர் குளூவும் அப்பச்சோடாவும் போட்டு நிரப்பி வச்சிருக்கிறன், புதுசு கொழும்பில இருந்து எடுக்கோணும்.

குடுக்க முன்னம் நட், பிரிட்ஜ், பிக்கப் எல்லாத்தையும் கிட்டவாப் போட்டோ எடுங்கோ, 12ஆவது பிரெட்டில ஸ்ட்ரிங் உயரத்தை அளந்து பில்லில எழுதச் சொல்லுங்கோ, கழட்டுற பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கோ. நெக் மாத்தோணும் எண்டு சொன்னா அந்த இடத்திலயே ஓமெண்டு சொல்லாதேங்கோ. உவர்மலை, உப்புவெளிப் பக்கத்து ஆக்கள் எனக்குச் சொல்லுங்கோ, அலன் கீ செட் இருக்கு, காசு வேண்டாம், வந்து பாத்துத் தாறன்.